செயற்கை ரத்தம் ரீல்ஸ் அனுப்பினவர்களே, இந்த பாட்டிலைப் பாருங்கள்

வணக்கம் மக்களே. இன்றைக்குக் கொஞ்சம் கடுப்போடுதான் கேமராவை ஆன் செய்திருக்கிறேன். கொஞ்ச நாளாக ஆளாளுக்கு எனக்கு ஒரே ரீல்ஸை அனுப்புகிறீர்கள். 'ஜப்பான் செயற்கை ரத்தம் கண்டுபிடித்துவிட்டது, இனி ரத்த தானமே தேவையில்லை' என்று ஊதா நிறத்தில் ஒரு பை, பின்னால் அதிரடி மியூசிக். அந்த ஊதா சமாசாரம் நாரா மருத்துவப் பல்கலைக்கழகத்தில் ஹிரோமி சகாய் குழு செய்வது. தானமாக வந்து காலாவதியான ரத்தத்திலிருந்து, ஆக்சிஜனைச் சுமக்கிற புரதமான ஹீமோகுளோபினை மட்டும் பிரித்தெடுத்து, கொழுப்பு உறைக்குள் அடைக்கிறார்கள். மூலப்பொருளே யாரோ ஒருவர் கை நீட்டிக் கொடுத்த ரத்தம்! அதை வைத்துக்கொண்டு தானம் வேண்டாம் என்றால் எப்படி? உயிர் விஷயத்தில் வாய்க்கு வந்ததை அடித்துவிடுகிறவர்களை எனக்கு அறவே பிடிக்காது.

சரி, ரத்தமே சேராமல் ஆக்சிஜனைச் சுமக்கிற பொருள் உண்டா என்றால், உண்டு. இதோ, இந்த பாட்டில். பெர்ஃப்ளோரோடெகலின். வெறும் கார்பனும் ஃப்ளோரினும், அதனால் இந்தக் குடும்பத்துக்கு ஃப்ளோரோகார்பன் என்று பெயர். 50 மில்லி, விலை ஆறாயிரத்துச் சொச்சம். அதுகூடப் பரவாயில்லை, கூரியரில் 'அபாயகரமான திரவம்' என்று தனியாக ஒரு கட்டணம் போட்டார்கள் பாருங்கள், அதுதான் ஆறவே மாட்டேன் என்கிறது. இது எரியாது, வாசனை கிடையாது, எதோடும் லேசில் வினைபுரியாது, கண்ணுக்குள் விழித்திரை ஆபரேஷனின்போது டாக்டர்கள் தற்காலிகமாக உள்ளே விடுகிற திரவம் இது, நம் ஊர்க் கண் ஆஸ்பத்திரிகளிலும்தான். டேட்டா ஷீட்டைப் பிரின்ட் எடுத்துக் காட்டியும் அந்தக் கட்டணத்தைக் குறைக்கவில்லை.

ஆனால் போட்ட காசுக்கு இது ஒன்று போதும். நம் சமையல் தராசு, பழைய வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள், அதில் 50 மில்லியை வைத்தால் 96 கிராம். தண்ணீரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம். இப்போது கண்ணாடி டம்ளரில் இதை ஊற்றி, மேலே தண்ணீர், அதற்கும் மேலே நல்லெண்ணெய். மூன்றும் தனித்தனி அடுக்கு. இதில் ஒரு புளியங்கொட்டையைப் போடுகிறேன். எண்ணெயைத் தாண்டியது, தண்ணீரைத் தாண்டியது, அப்படியே நின்றுவிட்டது! அதற்குக் கீழே போகவே இல்லை. அடியில் கண்ணுக்கே தெரியாமல் ஒரு தரை இருக்கிற மாதிரி. கேமராவைக் கிட்டே கொண்டு வருகிறேன், கொட்டையைச் சுற்றி அந்த எல்லைக்கோடு லேசாக வளைந்திருப்பதைப் பாருங்கள். எவ்வளவு நேரம் பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

1966இல் அமெரிக்காவில் லேலண்ட் கிளார்க்கும் ஃப்ராங்க் கோலனும் இதே குடும்பத்துத் திரவம் ஒன்றில் ஆக்சிஜனைக் கரைத்து, எலியை அதற்குள் முழுக்க அமுக்கினார்கள். எலி திரவத்தையே மூச்சாக இழுத்து உயிரோடு இருந்தது. அந்தக் கிளார்க் யார் தெரியுமா? ஆக்சிஜன் அளக்கும் எலக்ட்ரோடைக் கண்டுபிடித்தவர், ஆக்சிமீட்டர் வீடியோவில் அவர் பெயரைச் சொல்லியிருக்கிறேன்.

ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். இது பிடிக்காது, சும்மா கரைத்து வைக்கும், கோலி சோடாவுக்குள் கேஸ் இருக்கிற மாதிரி. அழுத்தம் எவ்வளவோ அவ்வளவுதான் கரையும். சுத்தமான ஆக்சிஜன் கொடுத்தால் 100 மில்லி திரவம் 40 மில்லிக்கு மேல் வாங்கிக்கொள்ளும். நம் ரத்தம் சுமப்பது சுமார் 20. அடேங்கப்பா, ரத்தத்தை மிஞ்சிவிட்டதே என்று தோன்றும். பொறுங்கள். இது தண்ணீரோடு சேராது, பார்த்தீர்கள் இல்லையா, அப்படியே ரத்தக்குழாயில் ஏற்றினால் அடைத்துக் கொன்றுவிடும். அதனால் மிக நுண்ணிய துளிகளாக உடைத்துப் பால் மாதிரி ஆக்க வேண்டும். ஜப்பானில் கிரீன் கிராஸ் நிறுவனம் செய்த ஃப்ளூசோல் என்ற பால்திரவத்தில், 100 மில்லிக்கு ஃப்ளோரோகார்பன் ஏறக்குறைய 10 மில்லிதான். ஆக 40 என்பது 4 ஆகிவிட்டது. அதுவும் நோயாளி சுத்த ஆக்சிஜனை இழுத்தால். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம், அப்போது ஒரு மில்லிகூடத் தேறாது. இந்தக் கணக்கை ஒரு ரீல்ஸிலாவது யாராவது சொல்கிறார்களா?

ஃப்ளூசோலை 1989இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதித்தது, ரத்தத்துக்குப் பதிலாக இல்லை, இதய ரத்தக்குழாய் அடைப்பை பலூன் விட்டு விரிக்கிற ஆஞ்சியோபிளாஸ்டியில், அந்த பலூன் ரத்தக்குழாயை அடைத்திருக்கும் நேரத்தில் இதயத் தசைக்கு ஆக்சிஜன் கொடுக்க. உறைய வைத்திருந்து, உருக்கி, மற்ற கரைசல்களோடு கலந்து, அப்புறம்தான் ஏற்ற வேண்டும். அவசரத்துக்கு வந்தவரை வைத்துக்கொண்டு யார் இதைச் செய்வது? 1994இல் விற்பனை நின்றது.

அட, எலிக்கு அடுத்த கட்டத்தை விட்டுவிட்டு ஓடுகிறேன். ஹார்வர்டில் ராபர்ட் கெயர் 1968 வாக்கில் எலியின் ரத்தத்தை முழுக்க எடுத்துவிட்டு இந்த மாதிரி ஃப்ளோரோகார்பன் பால்திரவத்தை நிரப்பினார், சுத்த ஆக்சிஜன் கொடுத்து வைத்திருந்தார், எலிகள் பிழைத்து, சொந்த ரத்தத்தைத் திரும்ப ஊறவைத்துக்கொண்டன. திரவம் மெல்ல மெல்ல மூச்சு வழியாக வெளியேறிவிட்டது.

இதில் எனக்கு மனசு கனத்துப் போவது பூஷினோ கதைதான். மாஸ்கோவுக்குத் தெற்கே ஆராய்ச்சி நகரம். அங்கே ஃபெலிக்ஸ் பெலோயார்ட்சேவ் குழு பெர்ஃப்டோரான் என்ற இதே வகைப் பால்திரவத்தை உருவாக்கியது. 'நீல ரத்தம்' என்றார்கள். ஃப்ளூசோலைவிடத் துளிகள் சின்னவை. அப்புறம் சோவியத் உளவுத்துறையான கேஜிபியின் விசாரணை, வீட்டில் சோதனை, ஓயாத நெருக்கடி. 1985 டிசம்பரில் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மருந்துக்கு ரஷ்யா அனுமதி கொடுத்தது 1996இல். பதினோரு வருஷம்! அந்த அதிகாரிகளை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

இப்போது ஜப்பானில் டகானோரி டகேபே குழு இதே பெர்ஃப்ளோரோடெகலினை ஆசனவாய் வழியாகக் குடலுக்குள் செலுத்தி, அங்கிருந்து உடம்புக்கு ஆக்சிஜன் கொடுக்கப் பார்க்கிறது. 2024இல் இக் நோபல், அதாவது முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கிற ஆராய்ச்சிகளுக்கான வேடிக்கைப் பரிசு, கொடுத்தார்கள், உலகமே சிரித்தது. நான் சிரிக்க மாட்டேன். நுரையீரல் கைவிட்ட ஒருவருக்கு இன்னொரு வழி கிடைக்கிறது என்றால் அது எந்த வழியாக இருந்தால் என்ன?

மிக்ஸியில் அடித்து இதைப் பாலாக்கிக் காட்டுங்கள் என்று கமெண்டில் கேட்பீர்கள். ஆகாது. துளி 0.1, 0.2 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) அளவுக்கு இறங்க வேண்டும், அதற்கு உயர் அழுத்தத்தில் துளிகளை உடைக்கிற ஹோமோஜினைசர் என்ற எந்திரம் வேண்டும். அப்புறம், டம்ளரில் இருப்பதை சிங்க்கில் ஊற்றப் போவதில்லை, இது லேசில் அழியாத ரசாயனம், மண்ணிலும் காற்றிலும் ரொம்ப காலம் கிடக்கும். சிரிஞ்சால் அடி அடுக்கை மட்டும் உறிஞ்சித் திரும்ப பாட்டிலுக்கே விடுகிறேன், கொஞ்சம் இருங்கள்.