மதர்போர்டு வாங்கறதுக்கு முன்னாடி மேனுவலைத் திறங்க

வணக்கம் மக்களே. இன்னைக்கு கேமரா என் மூஞ்சிய விட்டுட்டு மேசையைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கு, ஏன்னா ஹீரோ இதோ இந்த போர்டுதான். போன வீடியோல ப்ராசஸர் முடிவு பண்ணியாச்சு, ரைசன் 7 7800எக்ஸ்3டி. கிராஃபிக்ஸ் கார்டு பழைய பிசில இருந்து கழட்டி வச்சிருக்கேன். மிச்சம் இருந்தது மதர்போர்டு ஒண்ணுதான், அதுக்குத்தான் ரெண்டு வாரம் மண்டையை உடைச்சுக்கிட்டேன்.

ஏன் ரெண்டு வாரம்னா, நான் சூடு கண்ட பூனை. பழைய பில்டு ஒரு வருஷம் கும்முனு ஓடிச்சு. அப்புறம் இடம் பத்தலன்னு ரெண்டாவதா ஒரு எம்.2 எஸ்எஸ்டி, அதாவது போர்டு மேலயே சொருகற சின்ன ஸ்டோரேஜ், வாங்கி மாட்டினேன். ஆன் பண்றேன், புது எஸ்எஸ்டி வந்திருச்சு, பழைய ஹார்டு டிஸ்க்கைக் காணோம்! கேபிளை மாத்திப் பார்த்தேன். பவர் கேபிளை மாத்திப் பார்த்தேன். டிஸ்க் செத்துப் போச்சுன்னே முடிவு பண்ணிட்டேன், அஞ்சு வருஷ போட்டோ எல்லாம் அதுலதான். கடைசியா ராத்திரி ஒரு மணிக்கு மேனுவலைத் திறந்தா, ஒரு அட்டவணைக்குக் கீழ, எறும்பு சைஸ் எழுத்துல ஒரு வரி. ரெண்டாவது எம்.2 ஸ்லாட்டைப் பயன்படுத்தினா சாட்டா 5, 6, அதாவது ஹார்டு டிஸ்க் கேபிள் சொருகற போர்ட், ரெண்டும் வேலை செய்யாதாம். என் டிஸ்க் எதுல இருந்துச்சு? அஞ்சுல. பிடுங்கி ஒண்ணுல சொருகினேன், வந்திருச்சு. சந்தோஷப்படறதா, செவுத்துல முட்டிக்கிறதான்னே தெரியல.

அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இனிமே போர்டு வாங்கறதுக்கு முன்னாடி மேனுவலைப் படிக்கணும்னு. கம்பெனி சைட்ல அந்த மாடலோட சப்போர்ட் பக்கத்துக்குப் போனா பிடிஎஃப் சும்மாவே கிடைக்கும், போர்டை வாங்கியிருக்கணும்னு அவசியமே இல்ல. பெட்டி மேல "4 எம்.2 ஸ்லாட்"னு கொட்டை எழுத்துல இருக்கும். அந்த நாலையும் ஒரே நேரத்துல போட்டா என்ன ஆகும்ங்கிறது மேனுவல்லதான் இருக்கும்.

சரி, அதுக்கு முன்னாடி ஒரு கசப்பான விஷயத்தைச் சொல்லிடறேன். மதர்போர்டு எஃப்பிஎஸ், அதாவது கேம்ல விநாடிக்கு வர்ற ஃப்ரேம் எண்ணிக்கை, தராது. அதே ப்ராசஸர், அதே ரேம், அதே கார்டு. ஒழுங்கா செஞ்ச ஒரு பி650 போர்டுல போட்டாலும், உச்சாணியில இருக்கற எக்ஸ்870இ போர்டுல போட்டாலும் கேம்ல வர்ற நம்பர் கிட்டத்தட்ட ஒண்ணுதான். பின்ன எதுக்குக் காசு? எத்தனை பொருளைச் சொருகலாம், ப்ராசஸருக்குக் கரண்ட் எவ்வளவு சுத்தமாப் போகும், நாளைக்கு எதை மாத்தலாம். இந்த மூணுக்குத்தான்.

நாளைக்கு மாத்தறதுன்னா சாக்கெட், ப்ராசஸர் உட்கார்ற இடம். ஏஎம்டியோட ஏஎம்4ஐ எடுத்துக்கங்க. 2017ல முதல் ரைசனோட வந்த பி350 போர்டு சிலதுல, பயாஸ், அதாவது ஆன் பண்ணதும் போர்டுல முதல்ல ஓடற சாஃப்ட்வேர், அதை மட்டும் அப்டேட் பண்ணிட்டு 2022ல வந்த 5800எக்ஸ்3டியைப் போட்டு ஓட்டினாங்க. போர்டைக் கழட்டாம அஞ்சு வருஷம்! இப்ப இருக்கற ஏஎம்5 2022ல வந்துச்சு, 2027 வரைக்கும், அதுக்கு அப்புறமும் சப்போர்ட் இருக்கும்னு ஏஎம்டி சொல்லியிருக்கு. இன்டெல் பக்கம் எல்ஜிஏ1700ல 12, 13, 14 மூணு தலைமுறை ஓடி முடிஞ்சிருச்சு, 2024 அக்டோபர்ல இருந்து எல்ஜிஏ1851. உங்க கையில டிடிஆர்4 ரேம் இருக்கு, அதை வீணாக்க மனசு வரலன்னா எல்ஜிஏ1700ல டிடிஆர்4 போர்டு இருக்கு, அது தப்பே இல்ல. ஆனா ஏஎம்5ல டிடிஆர்5 மட்டும்தான். ரேம்ல இருக்கற வெட்டு இடமே வேற, அழுத்தினாலும் உட்காராது. அழுத்தாதீங்க!

பி650, எக்ஸ்870இன்னு சொன்னேனே, அது சிப்செட் பேர், போர்டுல மத்த பொருளை எல்லாம் இணைக்கற சிப். அந்தப் பேர்ல இருக்கற எழுத்துக்கு ரொம்ப மயங்க வேண்டாம். இன்டெல்ல ப்ராசஸரை ஓவர்கிளாக், அதாவது குறிச்ச வேகத்துக்கு மேல ஓட்டறது, பண்ணணும்னா இசட் சீரிஸ்தான் வேணும். ஏஎம்டில பி சீரிஸ்லயே அது இருக்கு. ஒரே விதிவிலக்கு பி840. பேர் பி850க்குப் பக்கத்துல இருக்கு, ஆனா ஆள் வேற. சிப்செட்ல இருந்து வர்ற லேன், அதாவது டேட்டா போற பாதை, எல்லாம் ஜென் 3, பழைய தலைமுறை வேகம், ப்ராசஸர் ஓவர்கிளாக்கும் கிடையாது. பேரைப் பார்த்து ஏமாந்துடாதீங்க.

இப்ப விஆர்எம், ப்ராசஸருக்கு வோல்டேஜைக் குறைச்சுக் கொடுக்கற பகுதி. இதோ பாருங்க, சாக்கெட்டைச் சுத்தி இந்த அலுமினியக் கட்டி. இதுக்கு அடியிலதான் அது இருக்கு. எஸ்எம்பிஎஸ், அதான் பவர் சப்ளை பெட்டி, 12 வோல்ட் கொடுக்கும், ப்ராசஸருக்கு வேண்டியது சுமாரா 1.2 வோல்ட். 120 வாட்னு வச்சுக்கிட்டா 1.2 வோல்ட்ல எத்தனை ஆம்பியர்? நூறு! அவ்வளவு கரண்ட்டை ஒரே ஆள் தூக்க முடியாது. ஊர் கூடித் தேர் இழுக்கற மாதிரி பல ஃபேஸ் முறை போட்டு இழுக்குது. "14+2"னு போடறாங்களே, அந்தக் கணக்குதான் அது. ஆனா அதுலயும் ஒரு சூட்சுமம். சில போர்டுல ரெண்டு ரெண்டு பேரா ஒரே கயித்தை ஒரே நேரத்துல பிடிச்சிருப்பாங்க. எண்ணிக்கை 14, முறை ஏழுதான். அதனால நம்பரைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க, லோடு போட்டு விஆர்எம் சூட்டை அளந்து காட்டற ரிவ்யூவைத் தேடுங்க.

அதுவும் எல்லாருக்கும் தேவையில்ல. இந்த 7800எக்ஸ்3டிக்கு ஸ்பெக்ல 120 வாட்னு இருக்கு, கேம் ஆடும்போது அதுல பாதி, இல்ல முக்கால்தான் எடுக்கும். நடுத்தர போர்டுக்கே இது ஜுஜுபி. கோர் ஐ9 14900கே மாதிரி 253 வாட் வரைக்கும் போற ஆளைக் கட்டி மேய்க்கப் போறீங்கன்னா, அப்ப விஆர்எம்ல கஞ்சத்தனம் பண்ணா ப்ராசஸர் மூச்சு வாங்கும். எக்ஸ்3டி ப்ராசஸருக்கு 20 ஃபேஸ் போர்டு வாங்கறது எலி பிடிக்க யானையைக் கூட்டிட்டு வர்ற கதை.

இனி லேன் கணக்கு. என்னை அன்னைக்கு அடிச்சது இதுதான், கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க. இந்த ப்ராசஸர்ல 28 லேன் இருக்கு. 16 கிராஃபிக்ஸ் கார்டுக்கு. 4 முதல் எம்.2க்கு. 4 போர்டு கம்பெனி இஷ்டத்துக்கு. மிச்சம் 4 சிப்செட்டுக்குப் போகுது. சாட்டா, பெரும்பாலான யுஎஸ்பி, நெட்வொர்க் கேபிள் போர்ட், வைஃபை, கூடுதல் எம்.2, இத்தனை பேரும் அந்தச் சிப்செட் வழியாத்தான் வரணும். பெரிய குடும்பத்துக்கு ஒரே வாசல். அதனாலதான் ஒருத்தர் உள்ள வந்தா இன்னொருத்தர் வெளிய போக வேண்டியிருக்கு.

எக்ஸ்870 போர்டுல யுஎஸ்பி4 இருந்தே ஆகணும்னு ஏஎம்டி விதி. நல்லதுதான், ஆனா அந்த யுஎஸ்பி4 சிப்புக்கும் ப்ராசஸர்ல இருந்து 4 லேன் போகுது. விளைவு என்னன்னா, சில போர்டுல ரெண்டாவது எம்.2 ஸ்லாட்ல எஸ்எஸ்டி போட்டா கிராஃபிக்ஸ் கார்டு 16ல இருந்து 8 லேனுக்கு இறங்கிடும். புது சிப்செட், மேல இருக்கற மாடல், ஆனா எனக்கு இது பின்னோக்கிப் போற மாதிரி இருந்துச்சு. யுஎஸ்பி4ல சொருக என்கிட்ட ஒரு பொருள்கூட இல்ல. அதனாலதான் நான் பி650 எடுத்தேன். இந்த போர்டு மேனுவல்ல 3 எம்.2யும் 4 சாட்டாவும் ஒண்ணை ஒண்ணு தொந்தரவு பண்ணல, மூணு தடவை படிச்சு உறுதி பண்ணிக்கிட்டேன்.

"பி650ல கார்டு ஸ்லாட் ஜென் 4தானே ப்ரோ, ஜென் 5 வேணாமா"ன்னு கேப்பீங்க. 16 லேன் ஜென் 4ல இப்ப இருக்கற எந்தக் கார்டுக்கும் கேம்ல கண்ணுக்குத் தெரியற இழப்பு இல்ல. கவனமா இருக்க வேண்டியது வேற இடத்துல. ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ மாதிரி கார்டு 8 லேன்தான் பயன்படுத்தும். அதைப் பழைய ஜென் 3 போர்டுல போட்டு, 8 ஜிபி மெமரியும் நிரம்பிருச்சுன்னா, அப்ப தடுமாறும். எஸ்எஸ்டிக்கும் இதே பதில்தான். ஜென் 4 விநாடிக்கு 7,000 எம்பி, ஜென் 5ல வேகமானது 14,000. கேம் லோடிங்ல அந்த வித்தியாசத்தைப் பிடிக்க கையில ஸ்டாப்வாட்ச் வேணும்.

அப்புறம் எம்.2 எங்க இருக்குன்னும் பாருங்க. ஒண்ணு கார்டுக்கு அடியில போயிடும், கார்டைக் கழட்டாம தொட முடியாது. தடியான கார்டை மாட்டிட்டா கார்டு ஸ்லாட்டோட லாக்கை அமுக்க விரலே போகாது, நான் ஸ்கேல் வச்சு அமுக்கின ஆளு. இந்த போர்டுல ஓரத்துல ஒரு பட்டன் இருக்கு, அமுக்கினா கார்டு கழண்டுரும். இதைக் கேட்டா சின்ன விஷயமாத்தான் தெரியும்!

ரேம் ஸ்லாட் நாலு இருக்கு, ஆனா ரெண்டுதான்னு நினைச்சுக்கங்க. ரைசன் 7000க்கு ஏஎம்டி கொடுத்த கணக்குலயே ரெண்டு ஸ்டிக்னா வேகம் 5200, நாலு ஸ்டிக்னா 3600. எக்ஸ்போ, அதாவது ரேமை அது மேல போட்டிருக்கற வேகத்துல ஓட்டற பயாஸ் செட்டிங், போட்டா ரெண்டு ஸ்டிக் 6000ல சமத்தா ஓடும், நாலு போட்டா முரண்டு பிடிக்கும். அதனால "இப்ப ரெண்டு, அப்புறம் ரெண்டு"ங்கிற திட்டம் டிடிஆர்5க்கு ஒத்துவராது. எவ்வளவு வேணுமோ இப்பவே ரெண்டு ஸ்டிக்கா வாங்கிடுங்க. மாட்டறது ப்ராசஸர்ல இருந்து எண்ணினா ரெண்டாவது, நாலாவது ஸ்லாட்ல.

நான் கண்ணை மூடிக்கிட்டு வேணும்னு சொல்ற ஒரு விஷயம், பின்னாடி இருக்கற பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன். பென் டிரைவ்ல பயாஸ் ஃபைலைப் போட்டு, குறிச்சிருக்கற போர்ட்ல சொருகி, பட்டனை அமுக்கினா ப்ராசஸர், ரேம் எதுவும் இல்லாமலே அப்டேட் ஆகும். போர்டு கடையில ஒரு வருஷம் தூங்கியிருக்கும், அதுக்குள்ள 9800எக்ஸ்3டி வந்திருக்கும், பழைய பயாஸுக்கு அது யாருன்னே தெரியாது. இன்னொரு காரணமும் இருக்கு. 2023 ஏப்ரல்ல எக்ஸ்3டி ப்ராசஸர் சிலது சாக்கெட்லயே கருகிப் போச்சு, ஞாபகம் இருக்கா? ப்ராசஸருக்குள்ள போற எஸ்ஓசி வோல்டேஜ் ஓவராப் போனதை 1.3 வோல்ட்டோட நிறுத்தறதுக்கு ஏஎம்டி பயாஸ் அப்டேட்லதான் தடுப்பு போட்டாங்க. பழைய ஸ்டாக் போர்டுன்னா முதல் வேலை அப்டேட்.

சைஸ், வைஃபை, சவுண்ட் எல்லாம் உங்க தேவை. ஏடிஎக்ஸ் 305க்கு 244 மில்லிமீட்டர், மைக்ரோ ஏடிஎக்ஸ் சதுரமா 244. ஒரே கார்டு போடற ஆளுக்கு மைக்ரோவே தாராளம். கேபினட் முன்னாடி டைப்-சி இருந்தா போர்டுல அதோட வயரைச் சொருகத் தனி ஹெடர் இருக்கான்னு பாருங்க, இல்லன்னா அது வெறும் ஓட்டை. லைட் விஷயத்துல ஒரே எச்சரிக்கை, 5 வோல்ட் மூணு பின் லைட்டை 12 வோல்ட் நாலு பின்ல சொருகினா லைட் போச்சு.

சரி, இதை ஓட்டிப் பார்த்துடலாம். ப்ராசஸர் போடறதுக்கு முன்னாடி மொபைல் டார்ச்சைச் சாய்ச்சு அடிச்சு சாக்கெட் பின்னைப் பார்த்தேன், 1,718 பின், ஒண்ணும் வளையல. இந்தப் பிளாஸ்டிக் மூடியைத் தூக்கிப் போட்டுடாதீங்க, வாரன்டிக்கு அனுப்பும்போது கேப்பாங்க. கூலர் மாட்டியாச்சு, ரேம் ரெண்டு போட்டாச்சு. கார்டு இன்னும் போடல, ப்ராசஸர்லயே டிஸ்ப்ளே இருக்கு, போர்டு எச்டிஎம்ஐல மானிட்டர். போர்டுல சிபியு பவருக்கு எட்டு பின் ரெண்டு இருக்கு, என் எஸ்எம்பிஎஸ்ல வயர் ஒண்ணுதான். இந்த ப்ராசஸருக்கு ஒண்ணே போதும், பயப்படாதீங்க.

ஆன் பண்றேன். ஃபேன் சுத்துது. ஸ்கிரீன் கருப்பு. இந்த மஞ்சள் லைட்டைப் பாருங்க, பக்கத்துல டிரேம்னு எழுதியிருக்கு, அதாவது ரேம். இங்கதான் நிறைய பேர் போர்டு போச்சுன்னு பவரைப் பிடுங்கிடறாங்க. பிடுங்காதீங்க. புது ரேமுக்கு டைமிங் எல்லாம் பழகிக்கிட்டு இருக்கு, முதல் தடவை சில நிமிஷம் ஆகும்.

...

நாலு நிமிஷம் ஆச்சு. எனக்கே லேசா வயித்தைக் கலக்குது.

வந்திருச்சு! பயாஸ் வந்திருச்சு. 7800எக்ஸ்3டி, 32 ஜிபி, ரேம் 4800ல ஓடுது. 6000 ரேம் வாங்கிட்டு 4800ல விட்டா எப்படி? இதோ எக்ஸ்போ ஆன் பண்றேன், சேவ், ரீஸ்டார்ட்.

மறுபடியும் கருப்பு. மறுபடியும் மஞ்சள் லைட். சரி மக்களே, நீங்க போயி வேலையைப் பாருங்க, நான் இங்கயே உட்கார்ந்திருக்கேன்.