ஏரியா, ரயிலா?

(தலைப்பு: 'சிங்கப்பூரின் ஜூரோங் ஏரி வட்டாரத்தை நகராக்குவது ஏரியா, ரயிலா?' 'ஏரியே' அணியின் இரண்டாவது பேச்சு)

நடுவர் அவர்களே, எதிரணியினரே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, அம்மா அதட்டியதால் கிளம்பி வந்திருக்கும் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

தலைப்பு வைத்தபோதே பாதித் தீர்ப்பை எழுதிவிட்டீர்கள் ஐயா. 'ஏரியா' என்று ஒரு தடவை சொன்னால் ஏரியும் வருகிறது, வட்டாரமும் வருகிறது. 'ரயிலா' என்று சொல்லிப் பாருங்கள், ரயில் மட்டும்தான் வரும். அதுவும் தண்டவாளக் கோளாறு இல்லாத நாளாக இருந்தால்!

எதிரணித் தலைவர் மூச்சுவிடாமல் அடுக்கினார். 1988ல் பெருவிரைவு ரயில் வந்தது. 2013ல் ஜெம், வெஸ்ட்கேட் கடைத்தொகுதிகள். 2015ல் இங் டெங் ஃபோங் பொது மருத்துவமனை. இனி 24 நிலையங்களோடு ஜூரோங் வட்டார ரயில் பாதை, அதன்பின் குறுக்குத் தீவுப் பாதை. ஆகவே ரயில்தான் என்றார். பட்டியலில் பிழையில்லை. ஆனால் 1988ல் தொடங்கினால் எப்படி? அது இடைவேளைக்குப் பிறகு கொட்டகைக்குள் நுழைந்தவர் கதை சொல்வது மாதிரி.

ஜூரோங்கில் தொழிற்பேட்டை வேலை தொடங்கியது 1961ல். அன்றைய நிதியமைச்சர் டாக்டர் கோ கெங் சுவீயின் திட்டத்தை அவர் பெயரைச் சேர்த்தே 'முட்டாள்தனம்' என்று கேலி செய்தவர்கள் இருந்தார்கள். ஆலைகள் வந்தன. ஆட்கள் காலையில் வந்தார்கள், மாலையில் கிளம்பிவிட்டார்கள். சம்பளம் இருந்தது, குடித்தனம் இல்லை. ஒன்றை எதிரணி வசதியாக மறந்துவிட்டது: அறுபதுகளிலேயே ஜூரோங்குக்கு ரயில் வந்திருந்தது, ஐயா! சரக்கு ரயில். அது யாரையும் அங்கே குடிவைக்கவில்லை. இன்று அந்த ரயிலும் இல்லை.

அப்போது ஊரை உருவாக்கும் பொறுப்பு ஜூரோங் நகரக் கழகமான ஜேடிசியிடம் இருந்தது. அது செய்த வேலையைப் பாருங்கள். கடல்நீர் ஏறி இறங்கிக்கொண்டிருந்த ஜூரோங் ஆற்றின் மேல்பகுதியில் 1971ல் அணை போட்டு, சுமார் 70 ஹெக்டேருக்கு நீர் தேக்கினார்கள். 1973ல் ஜப்பானியத் தோட்டம், 1975ல் சீனத் தோட்டம். எதிரணி சொல்லும் ரயில் வர இன்னும் 13 ஆண்டு இருக்கிறது!

கட்டடத்தைக் கட்டிவிட்டால் கூட்டம் தானாக வரும் என்று நம்பி அதே ஏரிக்குப் பக்கத்தில் 1992ல் டாங் அரசமரபு நகரம் என்று ஒரு கேளிக்கைப் பூங்கா திறந்தார்கள். கோட்டைச் சுவர் எல்லாம் இருந்தது. அப்போது ரயிலும் ஓடிக்கொண்டிருந்தது. 1999ல் மூடிவிட்டார்கள்.

இன்னும் கிட்டத்தில் வருவோம். கோலாலம்பூர் அதிவேக ரயிலுக்கு ஜூரோங் ஈஸ்ட்தான் முனையம் என்றார்கள். அதற்காகக் கோல்ஃப் மன்றத்தின் நிலத்தைக்கூட எடுத்தார்கள். 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு ஒப்பந்தம் காலாவதி. 2023ல் ஆறரை ஹெக்டேர் நிலத்தை ஒரே தலைமை மேம்பாட்டாளருக்கு என்று ஏலத்துக்கு விட்டார்கள். வந்தது ஒரே ஒரு விண்ணப்பம். விலை போதாதென்று 2024ல் அதையும் தள்ளிவிட்டார்கள். அந்தக் காலத்தில் ஏரி என்ன செய்தது? 2019ல் 53 ஹெக்டேர் ஏரிக்கரைத் தோட்டம் திறந்தது. 2024ல் சீன, ஜப்பானியத் தோட்டங்கள் புதுப்பொலிவோடு திறந்தன. ரயிலும் ஏலமும் அடுத்தவர் கையெழுத்துக்குக் காத்திருந்தன. ஏரி காத்திருக்கவில்லை.

நடுவர் அவர்களே, இப்போதுதான் விஷயத்துக்கே வருகிறேன். ஏரி சும்மா அழகுக்கு அல்ல. கரை, மதகு, கலிங்கு என்று ஊர்ப்பக்கத்தில் ஏரிக்கு ஒரு சட்டம் இருந்ததே, அதுபோல இந்த ஏரியும் சட்டம் போடுகிறது. இது நாட்டின் 17 நீர்த்தேக்கங்களில் ஒன்று. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊர் நம்முடையது. புதிதாக ஒரு கார் நிறுத்துமிடம் போட்டாலும் மண் குடித்த தண்ணீர் இனி சாக்கடை வழியே ஏரிக்கு ஓடும். அதனால்தான் கட்டுமானத் தளத்திலிருந்து வெளியேறும் தண்ணீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் மண்துகள் இருக்கக் கூடாது. தோண்டிய மண்ணை மூடிவைக்க வேண்டும், வண்டல் தொட்டி வேண்டும். எவ்வளவு பெரிய கோபுரமானாலும் முதல் வேலை தண்ணீருக்குப் பதில் சொல்வது!

ஓடிவரும் மழைநீரை வடிகட்டி அனுப்பும் ஒரு மழைத்தோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பார்த்தால் செடி நட்ட பள்ளம், அவ்வளவுதான். வெட்டிப் பார்த்தால் அடியில் சுமார் 15 சென்டிமீட்டர் சரளை, அதற்குள் துளையிட்ட குழாய். மேலே 10 சென்டிமீட்டர் பருமணல். அதன்மேல் 40 முதல் 60 சென்டிமீட்டர் வரை மணற்பாங்கான மண், அதில் செடி. மழை பெய்தால் பள்ளத்தில் ஒரு சாண் தண்ணீர் நிற்கும், சில மணி நேரத்தில் வடிகட்டிக் கீழே இறங்கிவிடும்.

எங்கே கெடும் தெரியுமா? செடி நன்றாக வளரட்டும் என்று யாராவது எருக்கலந்த தோட்ட மண்ணைக் கொட்டினால் கெடும். எருவின் சத்து கரைந்து குழாய் வழியே ஏரிக்குப் போகும், பாசி பிடிக்கும். பக்கத்துக் கட்டுமானத்திலிருந்து களிமண் கலந்த நீர் வந்தாலும் கெடும், மேல்மண் தோசைக்கல்லில் ஒட்டிய மாவு மாதிரி இறுகிவிடும். மேலே சில சென்டிமீட்டரைச் சுரண்டி மாற்றாவிட்டால் தண்ணீர் வடியாது. ஒரு வாரம் நின்றால் போதும், கொசுக் குடும்பம் குடிவந்துவிடும். அதற்கு வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அனுமதியும் தேவையில்லை!

ஏரிக்கரைத் தோட்டத்தில் சிமெண்டு வாய்க்காலாக இருந்ததையே வளைந்து நெளியும் ஓடையாக மாற்றியிருக்கிறார்கள், நேராம் ஓடைகள் என்று பெயர். பக்கத்தில் சதுப்புக் காட்டின் சாயலில் 300 மீட்டர் ரசாவ் நடைபாதை. ரயில் தூண் எதைச் சுத்தம் செய்கிறது, ஐயா? நிழல் தருகிறது, ஒப்புக்கொள்கிறேன். உச்சி வெயிலில் ஜூரோங் ஈஸ்ட் நிலையத்திலிருந்து மருத்துவமனைக்குப் போகிறவருக்கு மேல்மட்ட நடைபாதை பெரிய உதவி. அதை மறுத்தால் எங்களை இங்கேயே உட்காரவைத்துவிடுவீர்கள். ரயில் ஆளைக் கொண்டுவரும். வந்தவர் ஏன் தங்குகிறார் என்பதுதான் கேள்வி.

வீடு விற்கிறவரைக் கேளுங்கள். லேக்வில், லேக் கிராண்ட், லேக்லைஃப், லேக்ஃபிரண்ட் ரெசிடன்சஸ். இத்தனை கூட்டுரிமை வீடுகளுக்கும் பெயர் கொடுத்தது யார்? பெருவிரைவு ரயில் அப்பக்கம் வந்தபோது ஒரு நிலையத்துக்கு வைத்த பெயரே லேக்சைட். தண்டவாளம் ஏரியிடம் பெயர் கடன் வாங்கியதே தவிர, ஏரி தண்டவாளத்திடம் எதையும் வாங்கவில்லை.

மணி அடிக்கப் போகிறார்கள், ஒன்றே ஒன்று. 1977ல் திறந்த அறிவியல் நிலையம் ஜூரோங் ஈஸ்ட் பக்கம் இருக்கிறது. இரண்டு பாதைகள் சந்திக்கும் நிலையம் கிட்டத்திலேயே. அதற்குப் புதுக் கட்டடம் எங்கே எழுகிறது? ஏரித் தோட்டத்தில். 'அங்கேயும் வாசலில் ரயில் நிலையம் இருக்கிறதே' என்று எதிரணியில் அடுத்துப் பேசுபவர் துள்ளுவார். துள்ளட்டும். அந்த நிலையத்தின் பெயர் என்ன என்று மட்டும் அவரைக் கேளுங்கள், ஐயா. சைனீஸ் கார்டன்!