17 செவ்வரத்தை இலைகள்

(“பிள்ளையின் கற்றலுக்கு உகந்தது பெரிய பாடசாலையா, சிறிய பாடசாலையா?” வெள்ளவத்தையில் நடந்த பட்டிமன்றத்தில் சிறிய பாடசாலை அணியின் இரண்டாவது பேச்சு.)

நடுவர் அவர்களே, இரு அணியிலும் இருக்கும் ஆசிரிய நண்பர்களே, மழையோடும் காலி வீதி நெரிசலோடும் மல்லுக்கட்டி வந்து அமர்ந்திருக்கும் பெற்றோரே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

எதிரணித் தலைவர் பேசி முடித்தபோது நானும் கைதட்டினேன். நீச்சல் தடாகம், பாண்ட் வாத்தியக் குழு, ரோபோ கழகம், கைகொடுக்கும் பழைய மாணவர் சங்கம் என்று அழகாக அடுக்கினார். கடைசியில், “சின்னப் பாடசாலையில் அன்பு இருக்கலாம், ஆய்வுகூடம் இருக்காது” என்று முடித்தார். நான் அந்த ஆய்வுகூடத்திலிருந்தே தொடங்குகிறேன். ஏனென்றால் நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். கொழும்பு வடக்கில், தரம் 11 வரை மட்டுமே உள்ள ஒரு வகை 2 பாடசாலையில் படிப்பிக்கிறேன்.

எங்களிடம் ஆய்வுகூடம் என்று தனி அறை இல்லை, உண்மைதான். ஓர் அலுமாரி இருக்கிறது. அதற்குள் மூன்று முகவை, ஒரு ஸ்பிரிட் விளக்கு, கொஞ்சம் பரிசோதனைக் குழாய்கள், ஒரு சின்னப் போத்தல் அயடீன்.

தரம் 11க்கு ஒளித்தொகுப்புப் பாடம் வந்தது, இலை வெயிலைக் கொண்டு மாப்பொருள் செய்கிற கதை. சாடியில் நின்ற செவ்வரத்தையை இரண்டு நாள் இருட்டறையில் வைத்தோம். இலையில் முன்பு இருந்த மாப்பொருள் எல்லாம் தீர்ந்துபோக வேண்டும், அதற்காக. பிறகு கறுப்புத் தாளைக் கத்தரித்து இலையில் பொருத்தி வெயிலில் வைக்க வேண்டும். புத்தகத்தில் ஒரு பட்டியை வெட்டி ஒட்டச் சொல்லியிருக்கும். நான் ஆளுக்கொரு இலையைக் கொடுத்து, உங்கள் பெயரின் முதல் எழுத்தை வெட்டி ஒட்டுங்கள் என்றேன். வகுப்பில் 17 பிள்ளைகள். சாடியில் 17 இலைக்குப் பஞ்சமில்லை.

அடுத்த நாள் இரட்டைப் பாடவேளை. இலைகளைக் கொதிநீரில் போட்டு எடுத்தோம். மதுசாரத்துக்குப் பக்கத்தில் நெருப்பு இருக்கக்கூடாது. ஆகவே விளக்கை அணைத்துவிட்டு, சுடுதண்ணீர் முகவைக்குள் மதுசாரக் குழாயை இறக்கினோம். பச்சை மெல்ல மெல்ல இலையை விட்டுக் கழன்று மதுசாரத்தில் கலந்தது. வெளுத்த இலை அப்பளம் போல் நொறுங்கப் பார்த்தது. திரும்பச் சுடுதண்ணீரில் நனைத்து மெதுவாக்கி, வெள்ளைப் பீங்கானில் விரித்து, ஒவ்வொரு பிள்ளையும் தன் கையாலேயே அயடீன் விட்டது. மாப்பொருள் இருக்கிற இடம் அயடீன் பட்டால் கருநீலமாகும்.

அந்த வகுப்பில் ஒரு பிள்ளை. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் புள்ளி குறைந்துபோனதால், “எனக்குப் படிப்பு வராது” என்ற முடிவோடு தரம் 6க்குள் கால் வைத்தவள். ஐந்து வருடத்தில் தானாக ஒரு கேள்வி கேட்டதில்லை. அன்று இலை கருநீலமாகிக்கொண்டு வர, நடுவில் ஓர் எழுத்து மட்டும் கறுக்காமல் மங்கல் மஞ்சளாக நின்றது. “மிஸ், என்ட எழுத்து! வெயில் படாத இடத்தில மா செய்யேல்ல, பாருங்க மிஸ்!” என்று கத்திவிட்டாள். ஆமாம், கத்தினாள். தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்த தரம் 9 பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கு அவளையே விளங்கப்படுத்தச் சொன்னேன். விளங்கப்படுத்தினாள்.

நடுவர் அவர்களே, 30 முகவை உள்ள ஆய்வுகூடத்தில் நானும் ஆறு வருடம் படிப்பித்திருக்கிறேன். பெரிய பாடசாலை, பெயர் வேண்டாம். ஒரு வகுப்பில் 47 பிள்ளைகள். இதே பரிசோதனையை அங்கேயும் செய்தேன். எப்படி? முன்மேசையில் நான் செய்தேன். முன்வரிசை பார்த்தது. பின்வரிசைப் பிள்ளைகள் முன்வரிசையின் முதுகைப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் “அவதானம்: கருநீல நிறம் தோன்றியது” என்று எழுதினார்கள். தோன்றியதைக் கண்ட கண்கள் எத்தனை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

ஒரு பாடவேளை 40 நிமிடம். 47 பிள்ளைகளுக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு 51 செக்கன். 17 பிள்ளைகளுக்குப் பகிர்ந்தால் 2 நிமிடம் 21 செக்கன். நான் வேறு ஆள் ஆகிவிடவில்லை. அதே ஆசிரியை, அதே பாடம், அதே வெண்கட்டி.

அந்தக் கூடுதல் ஒன்றரை நிமிடத்தில் என்ன நடக்கும்? ஒன்று சொல்கிறேன். தரம் 8இல் ஒரு பையன் எங்களிடம் வந்து சேர்ந்தான். விடுகைப் பத்திரத்தோடு “கவனக்குறைவு” என்ற பெயரும் கூடவே வந்தது. இரண்டாவது கிழமை மேசைக்கு மேசை நடந்து கொப்பி பார்க்கும்போது கவனித்தேன்: அவன் பலகையைப் பார்த்து எழுதவில்லை, பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதினான். அவள் விட்ட எழுத்துப்பிழையும் அவன் கொப்பியில் அப்படியே இருந்தது. அம்மாவை வரச் சொல்லி, கண் கிளினிக்குக்கு அனுப்பினோம். கண்ணாடி வந்தது. அவ்வளவுதான் அவனுடைய “கவனக்குறைவு”. முன்பு படிப்பித்த ஆசிரியர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்த 51 செக்கனில் நானும் அதைத் தவறவிட்டிருப்பேன்.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர், “பெரிய பாடசாலையில் போட்டி இருக்கிறது, திறமை வெளியே வரும்” என்றார். வரும், ஐயா. ஏற்கெனவே உள்ள திறமை வெளியே வரும். தமிழ்மொழித் தினப் போட்டியையே எடுத்துக்கொள்வோம். பெரிய பாடசாலையில் நாடகத்துக்கு 60 பேர் கைதூக்குவார்கள், பத்துப் பேரைத் தெரிவு செய்வார்கள். மிச்சம் 50 பேருக்குக் கைதட்டுவது மட்டும்தான் வேலை. எங்களிடம் தெரிவு செய்ய ஆள் இல்லை. நாடகம் போட வேண்டுமானால் வகுப்பில் பாதிப் பேர் மேடையேற வேண்டும். திக்கித் திக்கிப் பேசுகிற பிள்ளையும் ஏறத்தான் வேண்டும். அவனுக்கு ஏற்றமாதிரி வசனத்தை நாங்கள் வெட்டித் திருத்துவோம். கோட்ட மட்டத்தோடு திரும்பி வந்துவிடுவோம், அடிக்கடி அப்படித்தான். ஆனால் அந்தப் பிள்ளை அடுத்த திங்கள் காலைக் கூட்டத்தில் செய்தி வாசிக்க வந்து நிற்பான். மணி அடிக்கிறவன், சுவர்ப் பத்திரிகை ஒட்டுகிறவள், நூலகப் பெட்டியின் திறப்பை வைத்திருக்கிறவள், இடைவேளையில் தரம் 6 பிள்ளைக்கு வாசிப்புச் சொல்லிக்கொடுக்கிற அக்கா என்று எல்லோருக்கும் எங்களிடம் ஒரு வேலை இருக்கிறது. எவரும் மேலதிகம் இல்லை.

இது ஒரு மிஸ்ஸின் பாசப் பேச்சு என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்து உயர்நிலைப் பாடசாலைகளை ரொஜர் பார்க்கர், போல் கம்ப் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஆராய்ந்து 1964இல் முடிவை வெளியிட்டார்கள். பெரிய பாடசாலைகளில் செயற்பாடுகளின் வகை அதிகம். அதை அவர்களும் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் பொறுப்பை ஏற்றுச் செய்கிற வாய்ப்பு சிறிய பாடசாலைப் பிள்ளைக்கே கூடுதலாகக் கிடைத்தது. பெரிய இடத்தில் பிள்ளைகள் பார்வையாளர் ஆகிறார்கள், சிறிய இடத்தில் செய்கிறவர் ஆகிறார்கள். கன்சாஸில் கண்டதைத்தான் நான் மட்டக்குளிப் பக்கம் தினமும் காண்கிறேன்.

எதிரணியினர் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவையும் இழுத்தார்கள். 1945இல் இலவசக் கல்வியைத் தந்தவர் பெரிய மத்திய கல்லூரிகளைத்தானே கட்டினார் என்று கேட்டார்கள். கட்டினார், 54 கட்டினார். எங்கே கட்டினார்? ஊர்ப்புறங்களில். நல்ல படிப்புக்காகப் பிள்ளை கொழும்புக்கு வரக்கூடாது, படிப்புத்தான் பிள்ளையிடம் போக வேண்டும் என்பதற்காக. இன்று நாம் கொழும்புக்குள்ளேயே தலைகீழாக நடக்கிறோம். மட்டக்குளியில் விடியமுன் எழும்பி, 155 பஸ்ஸில் நசுங்கி, நகரத்தின் மறுமுனைக்குப் பிள்ளையை அனுப்புகிறோம். முதலாம் பாடவேளையில் அந்தப் பிள்ளை கண்ணைத் திறந்து வைத்திருப்பதே பெரிய காரியம். 2022இல் எரிபொருள் இல்லாமல் பஸ்ஸும் வானும் நின்றுபோன மாதங்கள் இங்கிருக்கிற எந்தப் பெற்றோருக்கு மறந்திருக்கும்? பாடசாலைகள் மூடுவதும் திறப்பதுமாக இருந்த அந்தக் காலத்தில், திறந்த நாட்களில் எங்கள் பிள்ளைகள் வந்தார்கள். நடந்து வந்தார்கள்.

ஒன்றை மறைக்காமல் ஒத்துக்கொள்கிறேன். எங்களிடம் உயர்தரம் இல்லை. தரம் 11 முடிந்ததும் எங்கள் பிள்ளைகள் வெளியே போகத்தான் வேண்டும். சாதாரண தரத்தில் ஒன்பது பாடம். ஏதாவது ஒரு பாடத்துக்கு எப்போதும் ஆசிரியர் வெற்றிடம் இருக்கும். சங்கீதத்துக்கு ஒரு வருடம் ஆளே இல்லை. அது எனக்கு வலிக்கிற விசயம். ஆனால் நடுவர் அவர்களே, அந்தக் குறை சிறுமையால் வந்ததா, பங்கீட்டால் வந்ததா? ஒரே நகரத்தில் ஒரு பாடசாலைக்கு மூன்று சங்கீத ஆசிரியர், இன்னொன்றுக்கு ஒருவருமில்லை என்றால், இரண்டாவது பாடசாலை சின்னதாக இருப்பதா குற்றம்? 50 பிள்ளைக்குக் குறைந்த பாடசாலைகளை மூடலாமா என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. மூடினால் அந்தப் பிள்ளைகள் எங்கே போவார்கள்? 47 பேர் வகுப்பில் 48ஆவது ஆளாக, பின்வரிசைக்கு. அந்தச் செவ்வரத்தைப் பிள்ளையை அந்தப் பின்வரிசையில் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மணி அடித்துவிட்டீர்கள், ஒரே ஒரு நிமிடம் தாருங்கள். வருகிற செவ்வாய், தரம் 11க்கு மூன்றாம் பாடவேளை, குவிவு வில்லை. வாசலில் வெள்ளைத் தாளைப் பிடித்தால் தெருவின் எதிர்ப்பக்கத் தொடர்மாடி, காயப்போட்ட உடுப்புகளோடு சேர்த்து, தலைகீழாகத் தாளில் விழும். வில்லை நாலுதான் இருக்கிறது. 17 பேருக்கும் கை மாறும். எதிரணி நண்பர்களை அன்போடு அழைக்கிறேன், வந்து பாருங்கள். வகுப்பில் 20 கதிரை. பிள்ளைகள் 17. நீங்கள் மூன்று பேர். நடுவர் அவர்கள் என் கதிரையில் இருக்கலாம். நான் எப்படியும் நடந்துகொண்டுதான் இருப்பேன்.