வீடியோ எடுத்து என்ன செய்யப் போகிறீர்கள்?

(திரை கறுப்பாகவே இருக்கிறது. குரல் மட்டும்.)

வணக்கம் மக்களே. முதலில் ஒரு குரலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், படமெல்லாம் அப்புறம். இலங்கை உள்நாட்டுப் போரின் கடைசி மாதங்களைப் பற்றி 2011 ஜூனில் பிரிட்டனின் சேனல் 4 ஒளிபரப்பிய 'ஸ்ரீலங்காஸ் கில்லிங் ஃபீல்ட்ஸ்' ஆவணப்படத்தைத் திருவல்லிக்கேணி மேன்ஷன் அறையில் ஒரே லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்து ஆறு பேர் பார்த்தோம். வன்னியில் ஷெல் விழுகிறது, கேமரா ஆடுகிறது, வீடியோ எடுக்காதே, பங்கருக்குள் வா, வீடியோ எடுத்து என்ன செய்யப் போகிறாய் என்று ஒரு பெண் கதறுகிறார். கீழே ஆங்கில சப்டைட்டில் ஓடியது, நாங்கள் யாரும் அதைப் படிக்கவில்லை. எங்களில் ஒருவன் எழுந்துபோய் ஃபேனை நிறுத்தினான். ஏன்டா என்று யாரும் கேட்கவில்லை.

அந்தப் பெண்ணின் கேள்விதான் இந்த வீடியோ. இப்படிப்பட்ட படங்களைப் பார்த்து முடித்ததும் "ஐயோ, உலகத்துக்குத் தெரியாமல் போச்சே" என்கிறோம். அட, தெரியும்!

(திரையில் ருவாண்டா வரைபடம்.)

அங்கே ஐ.நா. படைக்குத் தளபதி கனடாக்காரர் ரோமியோ டலேர். ஆயுதங்களைப் பதுக்கி வைத்திருக்கிறார்கள், டுட்சி மக்களைக் கொல்லப் பட்டியல் தயாராகிறது என்று தகவல் வர, 1994 ஜனவரி 11 அன்று நியூயார்க்கில் உள்ள ஐ.நா. தலைமையகத்துக்குச் செய்தி அனுப்புகிறார், பதுக்கிய இடத்தில் சோதனை போடப்போகிறேன் என்று. வேண்டாம் என்று பதில் வருகிறது. ஏப்ரலில் கொலை தொடங்குகிறது, சுமார் 100 நாளில் ஏறத்தாழ 8 லட்சம் பேர். நடுவில், ஏப்ரல் 21 அன்று, பாதுகாப்பு கவுன்சில் கூடி, அங்கிருந்த சுமார் 2,500 வீரர்களை 270 ஆகக் குறைக்கத் தீர்மானம் போட்டது. கலவரம் நடக்கும் தெருவிலிருந்து போலீஸ் ஜீப் ரிவர்ஸ் எடுத்துப் போன கதை.

அமெரிக்கா இன்னும் ஒரு படி மேல். இனப்படுகொலை என்று வாயால் சொல்லிவிட்டால், 1948 இனப்படுகொலைத் தடுப்பு ஒப்பந்தப்படி ஏதாவது செய்யவேண்டி வருமே! அதனால் ஜூனில் அரசு செய்தித் தொடர்பாளர் 'இனப்படுகொலைச் செயல்கள்' நடந்திருக்கின்றன என்றார். எத்தனை செயல் சேர்ந்தால் ஒரு இனப்படுகொலை என்று ஒரு நிருபர் கேட்டார். அதற்குப் பதில் சொல்லும் இடத்தில் தான் இல்லை என்றுவிட்டார் அவர்.

சரி, நம் பக்கம் வருவோம். 2008 செப்டம்பரில் ஐ.நா. ஊழியர்கள் கிளிநொச்சியை விட்டுக் கிளம்பியபோது மக்கள் வாசலில் திரண்டு போகாதீர்கள் என்று கெஞ்சினார்கள், அதுவும் வீடியோவில் இருக்கிறது. போர் உச்சத்தில் இருந்த 2009-ல் பாதுகாப்பு கவுன்சில் இதற்காக முறையான கூட்டம் ஒன்றுகூட நடத்தவில்லை. நடந்த பேச்செல்லாம் அடித்தள அறையில், முறைசாரா உரையாடல் என்ற பெயரில். உயிரிழப்புக் கணக்கு ஐ.நா. ஊழியர்கள் கையில் இருந்தது, ஊருக்குச் சொல்லவில்லை. 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு எழுதியது 2011-ல். இது இனப்படுகொலை என்று நாம் சொல்கிறோம், எந்த சர்வதேச நீதிமன்றமும் இதை விசாரிக்கவே இல்லை.

சென்னைக்கும் தெரியாமல் இல்லை. 2009 ஜனவரி 29 அன்று சாஸ்திரி பவன் முன்னால், போரை நிறுத்தச் சொல்லி முத்துக்குமார் தன் உயிரையே கொடுத்தார். அதற்கு நான்கு மாதம் கழித்து, மே 27 அன்று, ஜெனீவாவில், ஐ.நா. மனித உரிமை கவுன்சிலில், இலங்கை அரசுக்குச் சாதகமான தீர்மானம் 29 ஓட்டில் நிறைவேறியது. அதில் ஒரு ஓட்டு இந்தியாவுடையது. எனக்கு இன்றைக்கும் ஆறாதது அந்த ஒரு ஓட்டுதான்.

(திரையில் தணிக்கைச் சான்றிதழ் மாதிரி.)

வீடியோ எடுத்து என்ன ஆனது என்றால், நாங்கள் மேன்ஷனில் பார்த்த அந்தப் படத்தின் இயக்குநர் கேலம் மேக்ரேயின் 'நோ ஃபயர் சோன்' படத்துக்கு 2014-ல் நம் தணிக்கை வாரியம் சான்றிதழ் தர மறுத்தது. காட்சிகள் மனதைக் கலங்கடிக்கும், இலங்கையுடன் நட்பு கெடும் என்பது காரணம். அவர் இந்தியாவுக்கு இணையத்தில் இலவசமாக விட்டார். அதே மேன்ஷனில், டேட்டா கார்டில், பஃபர் ஆகி ஆகிப் பார்த்தோம். இந்த முறை ஃபேனை முதலிலேயே நிறுத்திவிட்டோம்.