கொட்டேஷன்ல குழந்தையையும் எழுதுங்க

காலேஜ்ல விஸ்காம், அதாவது விஷுவல் கம்யூனிகேஷன், படிக்கிற பசங்களுக்கு நான் பேசுனது இது. ரெக்கார்டிங் கேட்டு பேசுன மாதிரியே டைப் பண்ணிருக்கேன், ரெண்டு மூணு இடத்துல மட்டும் சுருக்கியிருக்கேன்.

எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி நிக்கிறவங்க முன்னாடி வந்து உக்காருங்கப்பா, இடம் இருக்கு.

டிராவல் போட்டோகிராபி பத்தி பேசணும்னுதான் கூப்பிட்டாங்க. கேமரா, லென்ஸ் எல்லாம் நீங்களே யூட்யூப்ல பாத்து தெரிஞ்சு வச்சிருப்பீங்க, அத நான் திருப்பி சொல்லப் போறதில்ல. நான் எட்டு வருஷம் குழந்தை இல்லாம ஊர் ஊரா சுத்தி படம் எடுத்தேன், இப்ப ஆறு வருஷமா குழந்தையோட எடுத்துட்டு இருக்கேன். ரெண்டும் ஒரே வேலைன்னு வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு தோணும். கிடையவே கிடையாது. அத இந்த ஃபீல்டுல யாரும் மேடை போட்டு பேசுறதில்ல, அதனால இன்னைக்கு அதத்தான் பேசப் போறேன். பொண்ணுங்க மட்டும் கேட்டா போதும்னு பசங்க யாரும் போன எடுத்துராதீங்க, இது உங்களுக்கும்தான்.

முதல்ல அந்த எட்டு வருஷம். பொங்கல் வந்தா மூணு நாளும் நான் வீட்ல இருக்க மாட்டேன். தைப்பொங்கல் அன்னைக்கு அவனியாபுரம், மாட்டுப்பொங்கலுக்கு பாலமேடு, மறுநாள் அலங்காநல்லூர். சித்திரையில அழகர் ஆத்துல இறங்குறதுக்கு முன்னாடி ராத்திரி முழுக்க மண்டகப்படி மண்டகப்படியா அவரு பின்னாடியே நடப்பேன், விடியக்காலம் வைகைக்குள்ள நிக்கும்போது முட்டி வரைக்கும் சேறா இருக்கும். புரட்டாசியில குலசேகரப்பட்டினம் தசரா, காளி வேஷம் கட்டுனவங்க கூடவே லாரியில ஏறிப் போய் ஊர் ஊரா காணிக்கை வாங்குறத எடுப்பேன், பத்தாம் நாள் ராத்திரி கடற்கரையில சூரசம்ஹாரம் முடிஞ்சதும் கிடைச்ச பஸ்ஸ பிடிச்சு தூங்கிக்கிட்டே ஊர் வந்து சேருவேன். சாப்பாடு நேரத்துக்கு கிடையாது, பஸ் ஸ்டாண்ட் பெஞ்ச்லயே தூங்கிருக்கேன். யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்ல. அந்த சுதந்திரத்த நான் ரொம்ப நேசிச்சேன், இன்னைக்கும் அத நினைச்சா ஏக்கமாத்தான் இருக்கு, அத மறைக்க மாட்டேன்.

குழந்தை பொறந்தப்புறம் முதல்ல புரிஞ்சது வெளிச்சத்தோட டைம். நல்ல வெளிச்சம் எப்ப வரும்? காலைல சூரியன் வந்து ஒண்ணரை மணி நேரம், சாயங்காலம் இறங்குறதுக்கு முன்னாடி ஒண்ணரை மணி நேரம். கைக்குழந்தை எந்திரிச்சு பசியில அழுகுற நேரமும் அதேதான், சாயங்காலம் தூக்கம் வராம சிணுங்குற நேரமும் அதேதான். உச்சி வெயில்ல, படம் எடுக்கவே முடியாத நேரத்துல, பாப்பா அருமையா தூங்கும். இத எந்த வொர்க்ஷாப்லயும் எனக்கு சொல்லித் தரல. அப்புறம் வெயிட்டு. தூரத்துல இருக்குறத கிட்ட இழுத்து எடுக்குற 70-200 லென்ஸ் ஒன்றரை கிலோ பக்கம் வரும், ரெண்டு கேமரா பாடி, பேட்டரி, ஃப்ளாஷ் எல்லாம் சேத்தா ஆறு ஏழு கிலோ, இடுப்புல பத்து கிலோ பிள்ளை. ஒண்ண இறக்கித்தான் ஆகணும். நான் 70-200-ஐ இறக்கி வச்சேன். சின்ன 35 எம்எம் லென்ஸ் மட்டும் மாட்டிக்கிட்டு கிளம்புனேன், அப்ப தூரத்துல நின்னு எடுக்குற படம் எல்லாம் போச்சு, பக்கத்துல போய் நின்னுதான் ஆகணும்னு ஆயிருச்சு. அது என் படத்தையே மாத்திருச்சு, அத தூத்துக்குடி கதையில சொல்றேன்.

தூத்துக்குடி உப்பளத்துக்கு நான் ரெண்டு தடவ போயிருக்கேன். முதல் தடவ தனியா. வெயிலுக்கு பயந்து அங்க ராத்திரி ரெண்டு மூணு மணிக்கே வேலை ஆரம்பிச்சிருவாங்க, நானும் மூணு மணிக்கு போய் நின்னேன். விடிஞ்சதும் உப்போட வெள்ளை கண்ண குத்தும். கேமராவுல வெளிச்சத்த அளக்குற மீட்டர நம்புனா மொத்த படமும் மங்கலா சாம்பலா வரும், வெளிச்ச அளவ ஒரு ஸ்டாப், ஒன்றரை ஸ்டாப் ஏத்தி வைக்கணும், அதுக்குள்ள மனுஷங்க முகம் இருட்டா போயிராம பாக்கணும், அது தனி போராட்டம். நான் பாத்தி வரப்புல நின்னு 70-200-ல எடுத்து தள்ளுனேன். உப்பு குவியல், வரிசையா தலைச்சுமையோட போற பொண்ணுங்க, நீள நீளமா நிழல். அழகான படங்க. ஒரு மேகசின்ல வந்துச்சு. ஆனா அதுல ஒருத்தர் பேரு கூட எனக்குத் தெரியாது. ரெண்டு மணி நேரத்துல நூத்துக்கணக்குல எடுத்துட்டு கிளம்பிட்டேன்.

ரெண்டாவது தடவ பாப்பாவுக்கு ஒண்ணேகால் வயசு, கூட எங்கம்மா. லேட்டாத்தான் போக முடிஞ்சுச்சு, ஏழு மணி ஆயிருச்சு, நல்ல வெளிச்சம் பாதி போயிருச்சு. நான் இறங்கி கேமராவ எடுக்குறதுக்குள்ள தலையில துண்டு கட்டுன ஒரு அக்கா வேலைய விட்டுட்டு வந்தாங்க. "ஏம்மா பச்சப்பிள்ளைய இந்த வெயில்ல நிப்பாட்டி வச்சிருக்கீய, கொட்டகைக்கு கொண்டாங்க"ன்னு சத்தம் போட்டு பாப்பாவ வாங்கிட்டு அவங்க பாட்டுக்கு நடந்தாங்க. நானும் அம்மாவும் பின்னாடியே போனோம். கொட்டகையில அவங்க டீ போட்டுக் கொடுத்தாங்க. ஒரு மணி நேரம் நான் ஒரு படம் கூட எடுக்கல. அவங்களா பேசுனாங்க. கைக்குழந்தைய வீட்ல மூத்த பிள்ளைகிட்ட விட்டுட்டு வேலைக்கு வந்த வருஷங்கள சொன்னாங்க, பால் கட்டிக்கிட்டு நெஞ்சு வலிக்க வலிக்க உப்பு வாருனத சொன்னாங்க, கால்ல உப்புத்தண்ணி பட்டு பட்டு வந்த வெடிப்ப காமிச்சாங்க. முதல் தடவ நான் வரப்புல நின்னு லாங் லென்ஸ்ல பாத்தப்பவும் இதே கால்தான அங்க நடந்துக்கிட்டு இருந்துருக்கும்! எனக்கு அது தெரியவே இல்ல. அன்னைக்கு மொத்தம் இருபது இருபத்தஞ்சு ஃப்ரேம்தான் எடுத்தேன், எல்லாமே கொட்டகைக்குள்ள, 35-ல, அவங்க முகத்துலேர்ந்து ரெண்டு அடி தள்ளி. என் வேலையில இதுவரைக்கும் எது உருப்படியான படம்னு கேட்டா அந்த இருபத்தஞ்சத்தான் சொல்வேன்.

இதுக்காக குழந்தைய தூக்கிட்டுப் போனா நல்ல படம் கிடைக்கும்னு எழுதிக்கிட்டு போயிராதீங்க. ஜல்லிக்கட்டுக்கு நான் இப்ப போறதில்ல, கூட்டத்துல குழந்தைய வச்சுக்கிட்டு அழகர பாக்கப் போகவும் மாட்டேன், அந்த படங்கள நான் இழந்துட்டேன், அவ்வளவுதான். வலி இல்லன்னு சொன்னா பொய்.

அமெரிக்காவுல டொரோதியா லாங்கேன்னு ஒருத்தங்க இருந்தாங்க, நீங்க சிலபஸ்ல படிச்சிருப்பீங்க, மைக்ரன்ட் மதர் படம் எடுத்தவங்க. 1936 மார்ச், கலிபோர்னியாவுல நிபோமோங்குற இடம். படத்தோட காம்போசிஷன் பத்தி கிளாஸ்ல சொல்லியிருப்பாங்க. அன்னைக்கு அவங்க எங்க போய்க்கிட்டு இருந்தாங்கன்னு சொல்லியிருக்க மாட்டாங்க. ஒரு மாசம் வெளியூர்ல வேலை பாத்துட்டு மழையில வீட்டுக்கு கார் ஓட்டிக்கிட்டு இருந்தாங்க. பட்டாணி பறிக்கிறவங்க கேம்ப்னு ஒரு போர்ட பாத்துட்டு நிறுத்தாம போயிட்டாங்க, இருபது மைல் தாண்டி மனசு கேக்காம வண்டிய திருப்புனாங்க. அவங்களுக்கு ரெண்டு பையன். வேலைக்காக வெளியூர் போற காலத்துல அந்த பிள்ளைங்கள காசு கொடுத்து அடுத்தவங்க வீட்ல விட்டு வளத்தாங்க. பிள்ளைங்கள விட்டுட்டு வந்த ஒரு அம்மா, பிள்ளைங்களோட பசியில உக்காந்திருந்த இன்னொரு அம்மாவ எடுத்த படம் அது. நான் தாயானப்புறம் அந்த படத்த பாக்கும்போது கேமராவுக்கு பின்னாடி நின்னவங்களையும் சேத்துத்தான் பாக்குறேன்.

அதே படத்துல எனக்கு பிடிக்காத ஒண்ணும் இருக்கு. அந்த அம்மாவோட பேர தான் கேக்கலன்னு லாங்கேயே எழுதியிருக்காங்க. 1978-லதான் அது ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன்னு உலகத்துக்கு தெரிஞ்சுச்சு, அந்த படத்தால தனக்கு ஒரு காசு கூட வரலன்னு அவங்களுக்கு வருத்தம் இருந்துச்சு. நானும் முதல் எட்டு வருஷம் எத்தனையோ தெருவுல எத்தனையோ பிள்ளைங்கள கேக்காமலே எடுத்திருக்கேன், சிரிச்சாங்க, எடுத்தேன், போனேன். இப்ப என் பொண்ண ஒருத்தர் கோயில்ல கேக்காம எடுத்தா எனக்கு எப்படி பதறுதுன்னு பாத்தப்புறம் அத விட்டுட்டேன். அப்பா அம்மாகிட்ட கேக்கணும், எங்க போடப் போறோம்னு சொல்லணும், வேண்டாம்னா டிலீட் பண்ணி அவங்க கண்ணு முன்னாடி காமிக்கணும். நல்ல ஃப்ரேம் போயிருமேன்னு தோணும், போனா போகட்டும்.

இமோஜன் கன்னிங்ஹாம்னு இன்னொரு அமெரிக்க போட்டோகிராபர், அவங்க வேற மாதிரி. மூணு பையன், அதுல ரெண்டு பேர் இரட்டை. வெளிய போய் எடுக்க வழியில்லாத வருஷங்கள்ல வீட்டுத் தோட்டத்துல இருந்த செடிகள எடுத்தாங்க, 1920-கள்ல எடுத்த அந்த மக்னோலியா பூ இன்னைக்கும் கிளாசிக். ரெண்டு பேர்ல யாரு சரின்னு நான் கேக்க மாட்டேன். ரெண்டு பேருக்குமே வேற வழி யாரும் வச்சுக் கொடுக்கல, நான் பாக்குறது அத.

இப்ப நம்ம ஊருக்கு வாங்க. 2017-ல பேறுகால லீவ 26 வாரமா ஆக்குனாங்க, முன்னாடி 12 வாரம். ரொம்ப நல்ல விஷயம். ஆனா அது சம்பளத்துக்கு ஒரு இடத்துல வேலை பாக்குறவங்களுக்கு. ஃப்ரீலான்ஸ் போட்டோகிராபருக்கு யாரு லீவு கொடுப்பா? எனக்கு பிரசவம் ஆகி நாலாவது மாசம் ஒரு கம்பெனிகிட்ட இருந்து ஷூட் வந்துச்சு, மூணு நாள், வெளியூர், பேசி முடிச்சாச்சு. கூட குழந்தையும் அம்மாவும் வருவாங்கன்னு ஒரு வார்த்த சொன்னேன். மறுநாள் "பட்ஜெட் மாறிருச்சு மேடம்"னு மெசேஜ். அதே ஷூட்ட அதே ரேட்டுக்கு வேற ஒருத்தர் பண்ணாரு, எனக்குத் தெரிஞ்சவர்தான், அவருக்கும் வீட்ல கைக்குழந்தை இருந்துச்சு, அவர யாரும் குழந்தைய யாரு பாத்துக்குவான்னு கேக்கல.

அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் நான் குழந்தைய மறைச்சேன். அம்மாவோட டிக்கெட்ட என் கையில இருந்து போட்டேன், அவங்க தங்குற ரூம் வாடகைய நானே கொடுத்தேன், கிளையன்ட் போன் பண்ணா பாப்பா சத்தம் கேக்காம இருக்க பாத்ரூம்ல போய் பேசுனேன். அறுபது வயசு அம்மா முழங்கால் வலியோட ரயிலேறி என் வேலைக்காக வந்தாங்க, அவங்களுக்கு ஒரு ரூபா சம்பளம் கிடையாது. ஒரு நாள் கணக்கு எழுதி பாத்தப்போ ஒரு ஷூட்ல எனக்கு மிஞ்சுனது அசிஸ்டன்ட் தம்பிக்கு நான் கொடுத்தத விட கம்மி. உப்பளத்துல அந்த அக்கா சொன்னது அப்ப ஞாபகம் வந்துச்சு, அவங்க மூத்த பிள்ளை படிப்ப விட்டுட்டு கடைசிப் பிள்ளைய பாத்துக்கிட்டதுக்கும் யாரும் கூலி கொடுக்கல.

அன்னையிலேர்ந்து கொட்டேஷன்ல எழுத ஆரம்பிச்சேன். கேமரா வாடகை, அசிஸ்டன்ட், டிரைவர் பேட்டா, எடிட்டிங், அதுக்கு கீழ "குழந்தை பராமரிப்பு உதவியாளர், ஒருத்தர், நாளுக்கு இவ்வளவு, பயணச்செலவு தனி". டிரைவர் பேட்டாவ யாராவது ஏன்னு கேக்குறாங்களா? அது மாதிரி இதுவும் ஒரு லைன். ரெண்டு மூணு பேர் கழண்டுக்கிட்டாங்க, உண்மை. மத்தவங்க கொடுத்தாங்க. பசங்களா, நாளைக்கு நீங்க அப்பா ஆகும்போது நீங்களும் இந்த லைன எழுதுங்க, வீட்ல உங்க மனைவி பாத்துக்கிட்டாலும் எழுதுங்க, அந்த காச அவங்ககிட்ட கொடுங்க. எல்லாரும் எழுதுனா பொண்ணுங்க எழுதும்போது அது தனியா தெரியாது.

சின்ன சின்ன விஷயம் சிலது சொல்லிடுறேன். ரயில்ல அஞ்சு வயசுக்கு கீழ, தனி பெர்த் கேக்கலன்னா டிக்கெட் வேண்டாம், அஞ்சுலேர்ந்து பன்னெண்டுக்குள்ள தனி பெர்த் கேட்டா முழு காசு, பெர்த் வேண்டாம்னா பாதி. ஃப்ளைட்னா ஸ்பேர் பேட்டரி எல்லாம் கைப்பையில, பெட்டியில போடக்கூடாது, குழந்தை பையையும் கேமரா பையையும் ஒண்ணா கலந்துராதீங்க, செக்யூரிட்டியில பால் பாட்டிலுக்கு அடியில பேட்டரி தேடுறது பெரிய பாடு. நாலு இடம் போறதுக்கு பதிலா ஒரே ஊர்ல நாலு நாள் தங்குங்க. முதல் நாள் கேமராவ எடுக்காதீங்க, குழந்தைக்கு இடம் பழகட்டும், ஊருக்கு நீங்க பழகணும்.

என்னோட பழைய கொட்டேஷன் மூணு பிரிண்ட் எடுத்துட்டு வந்திருக்கேன், கிளையன்ட் பேர மட்டும் அடிச்சு மறைச்சிருக்கேன், ரேட் அப்படியே இருக்கு. முன்வரிசையில இருந்து பின்னாடி பாஸ் பண்ணுங்க, போன்ல எடுத்துக்கோங்க. அந்த லைன் கீழேர்ந்து ரெண்டாவது.