அணை டேபிள்ல சிவப்பு எப்போ எரியணும்?

வணக்கம் மக்களே. ஸ்க்ரீன்ல தெரியுறது நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து அணைகள்: பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிற்றாறு ஒண்ணு, சிற்றாறு ரெண்டு. இந்த எக்செல் டேபிளுக்கு கலரும் ஐகானும் போடப் போறோம். போடுறதுக்கு ரெண்டு கிளிக் போதும். ஆனா அந்தக் கலர் உண்மையைச் சொல்லுதான்னு பாக்கணும். இன்னைக்கு அதைத்தான் நான் முக்கியமா பேச வந்திருக்கேன்.

பி காலத்துல, அதாவது பி நெடுவரிசையில இருக்கது நீர்மட்டம். மாதிரிக்குப் போட்ட நம்பர்தான், நிஜம்னு எடுத்துக்கிடாதீங்க. பேச்சிப்பாறை 42 அடி, பெருஞ்சாணியும் 42, ரெண்டு சிற்றாறுலயும் 14. இதை செலக்ட் பண்ணி எக்செல்ல கண்டிஷனல் ஃபார்மேட்டிங்ல இருக்க கலர் ஸ்கேல் குடுக்கேன், பெரிய நம்பருக்கு பச்சை, சின்ன நம்பருக்கு சிவப்பு. பாத்தீங்களா? பேச்சிப்பாறையும் பெருஞ்சாணியும் ஒரே பச்சை, சிற்றாறு சிவப்பு. நம்ம ஊர்க்காரங்க யாராவது இதை ஒத்துக்குவாங்களா? பேச்சிப்பாறை மொத்தமே 48 அடி. 42 தொட்டாலே வெள்ள அபாய எச்சரிக்கை வந்துடும், திற்பரப்பு அருவில குளிக்கப் போறவங்க அன்னைக்கு நியூஸைப் பாத்துட்டுத்தான் கிளம்புவாங்க. பெருஞ்சாணி 77 அடி, அங்க 42ன்னா பாதியைக் கொஞ்சம் தாண்டியிருக்கு, அவ்வளவுதான். சிற்றாறு 18 அடி, 14ங்கிறது முக்காலுக்கு மேல.

சரி, நீர்மட்டத்தை அணையோட முழு உயரத்தால வகுத்து சதவீதமா மாத்துறோம். அதுக்கு மேல மூணு கலர் ஐகான் செட் (பச்சை, மஞ்சள், சிவப்பு வட்டம்) போடுறோம். இங்கதான் நிறைய பேர் கவனிக்காத விஷயம் இருக்கு. எக்செல் ஐகான் ரூல்ல தானா வர்ற 67, 33 இருக்கே, அது உங்க அணையோட சதவீதம் இல்ல. அந்த நெடுவரிசையிலயே இருக்க சின்ன நம்பருக்கும் பெரிய நம்பருக்கும் நடுவுல உள்ள தூரத்தோட சதவீதம். நல்ல மழை பெஞ்சு நாலு அணையும் 81, 88, 92, 95ன்னு நிக்குதுன்னு வைங்க. 81 நிறைஞ்ச அணைக்கு சிவப்பு விழும். பக்கத்து வரிசையைவிடக் குறைவுங்கிறது மட்டும்தான் அதுக்குக் காரணம்.

அதனால நான் செய்யுறது இதுதான். டி காலத்துல ஒவ்வொரு அணைக்கும் எச்சரிக்கை அளவு. பேச்சிப்பாறைக்கு 42. மத்ததுக்கு நீர்வளத்துறை அறிவிக்கிறதைப் போடுங்க, குத்துமதிப்பா போடாதீங்க. ஐகான் ரூலுக்குள்ள வரிசைக்கு வரிசை மாறுற ரெஃபரன்ஸை எக்செல் ஏத்துக்காது. அதுக்குத்தான் ஈ காலம். அதுல ஒரு இஃப் ஃபார்முலா: பி, டியைத் தொட்டிருந்தா 2, டிக்கு ரெண்டு அடிக்குள்ள வந்திருந்தா 1, இல்லேன்னா 0. இப்போ ஐகான் செட்டை ஈ காலத்துக்குக் குடுங்க. ரூல்ல டைப்பை பர்சென்ட்ல இருந்து நம்பருக்கு மாத்துங்க, 2, 1ன்னு அடிங்க. ரிவர்ஸ் ஐகான் ஆர்டர் அமுக்குனா சிவப்பு மேல வந்துடும். ஷோ ஐகான் ஒன்லி டிக் பண்ணுங்க, அந்த 2, 1, 0 மறைஞ்சு ஐகான் மட்டும் நிக்கும்.

கூகுள் ஷீட்ஸ்ல ஐகான் செட் கிடையாது. ஆனா கஸ்டம் ஃபார்முலால பியையும் டியையும் நேரடியாவே ஒப்பிடலாம். டேபிள் முழுக்க செலக்ட் பண்ணி, ஃபார்முலால காலம் எழுத்துக்கு முன்னால டாலர் குறி போட்டா வரிசை முழுக்க கலராகும். அணை நிறையுறதை செல்லுக்குள்ளயே காட்டுற பாருக்கு ஸ்பார்க்லைன் ஃபங்ஷன் இருக்கு. அதோட மேக்ஸ் ஆப்ஷன்ல அந்தந்த அணையோட முழு உயரத்தைக் குடுங்க.

இன்னொண்ணு. சிவப்புன்னா யாருக்கு சிவப்பு? ஜூன்ல கன்னிப்பூ (முதல் போக நெல்) நடவுக்குக் காத்திருக்க விவசாயிக்கு தண்ணி குறைஞ்சா கவலை. அக்டோபர், நவம்பர்ல குழித்துறை ஆத்துப் பக்கம் இருக்கவங்களுக்கு கூடுனா கவலை. ரெண்டு மழையும் வாங்குற மாவட்டம் நம்மளுது. ஒரே ஐகான்ல ரெண்டையும் திணிக்காதீங்க. தனித்தனி காலமா வச்சு, தலைப்புலயே "வெள்ள எச்சரிக்கை", "பாசனத் தட்டுப்பாடு"ன்னு எழுதிடுங்க. நேத்தைவிட ஏறுதா இறங்குதான்னு காட்டுற அம்புக்குறிக்கு கலரே வேண்டாம், சாம்பல் நிறம் போதும்.

சிவப்பு பச்சை பிரிச்சுத் தெரியாதவங்களும் இதைப் பாப்பாங்க. அதனால வட்டம் மட்டும் உள்ள செட்டை விட்டுட்டு, வடிவமும் மாறுற செட்டா எடுங்க.

ஷீட்டோட காப்பி லிங்க் கீழ இருக்கு. டி காலத்தைக் காலியா விட்டிருக்கேன், அதை நிரப்புற வரைக்கும் ஐகானை நம்பாதீங்க.