வாயைக் கட்டச் சொல்லும் முன் ஒரு குருமா கதை

வணக்கம் மக்களே. பினாங்கு, லெபோ குயின் ஓரமாக நின்று பேசுகிறேன், மோட்டார் சத்தம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குண்டான பிள்ளையைப் பார்த்ததும் நம் வீடுகளில் முதலில் வரும் பேச்சு, "வாயைக் கட்டு". அப்படிச் சொல்கிறவர்களுக்காகத்தான் இந்த வீடியோ.

2016இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சிக்கன் குருமாவை மூன்று விதமாகச் சமைத்தார்கள். பார்க்கவும் ருசிக்கவும் மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும். கலோரியில் கொழுப்பின் பங்கு மட்டும் 20, 40, 60 சதவீதம். முதலில் மூன்றையும் ருசி பார்க்கவிட்டு, அப்புறம் வேண்டிய அளவு சாப்பிடச் சொன்னார்கள். எம்சி4ஆர் என்ற புரோட்டீன் பழுதானவர்கள், ஒல்லியானவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு அந்த 60 சதவீதக் குருமாவைச் சாப்பிட்டிருக்கிறார்கள். எதில் கொழுப்பு அதிகம் என்று நாக்குக்குப் பிடிபடவில்லை, ஆனால் கை அங்கேதான் போயிருக்கிறது! இனிப்பு வைத்தபோதோ, மற்றவர்களைவிடக் குறைவாகத்தான் சாப்பிட்டார்கள்.

இந்த எம்சி4ஆர், மூளையில் ஹைபோதலாமஸ் பகுதி நரம்பு செல்களின் மேற்பரப்பில், செல் சவ்வை ஏழு முறை ஊடுருவி உட்கார்ந்திருக்கிறது. உடம்புக் கொழுப்பு லெப்டின் ஹார்மோனை அனுப்பும். அது போய்ச் சேர்ந்ததும் மூளையில் ஆல்ஃபா எம்எஸ்எச் என்ற இன்னொரு ஹார்மோன் சுரந்து எம்சி4ஆரில் ஒட்டும். ஒட்டினால்தான் "போதும்" என்று தோன்றும். பசி நேரத்தில் ஏஜிஆர்பி என்று இன்னொன்று வந்து அதே இடத்தை அடைத்துக்கொள்ளும்.

இந்தப் புரோட்டீனை உருவாக்கும் ஜீனுக்கும் எம்சி4ஆர் என்றுதான் பெயர். அது பழுதானால் உடல் பருமன் வரும் என்று 1998இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். பிரிட்டனில் 340 பேரில் ஒருவருக்கு இந்தப் பழுது இருக்கலாம் என்றும், 18 வயதில் அவர்கள் சராசரியாக 17 கிலோ கூடுதல் எடை என்றும் 2021இல் கணக்குச் சொன்னார்கள். இத்தனை எடை இருந்தும் ரத்த அழுத்தம் எதிர்பார்க்கிற அளவு ஏறுவதில்லை, ஏனென்றால் அழுத்தத்தை ஏற்றும் நரம்புகளையும் முடுக்கிவிடுவது இதே புரோட்டீன்தான்.

சரி, நம்மவர்கள் கதைக்கு வருவோம். லண்டனில் வாழும் இந்தியத் துணைக்கண்ட வம்சாவளியினரை வைத்து 2008இல் ஓர் ஆய்வு வந்தது. எம்சி4ஆர் ஜீனுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மாறுபாடு, ஐரோப்பியர்களைவிட அவர்களிடம் அதிகம். அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் அது வந்திருந்தால் இடுப்புச் சுற்றளவு சுமார் 2 சென்டிமீட்டர் கூடுதல், இன்சுலினுக்கு உடம்பு சரியாக மசியாத தன்மையும் கூடவே வருகிறது. இரண்டே சென்டிமீட்டர்தான். சோற்றில் பல குழம்பு ஊற்றித் தரும் நாசி கண்டார் கடையில் "பஞ்சிர்" (வெள்ளம்) என்று குழம்பைக் கொட்டச் சொல்லிவிட்டு, ஜீன்மேல் பழியைப் போட அது போதாது.

அதனால் தராசை மட்டும் நம்பாமல் இடுப்பில் டேப் வைத்துப் பாருங்கள். ஆசியர்களுக்கு ஆண் என்றால் 90, பெண் என்றால் 80 சென்டிமீட்டர், அதைத் தாண்டினால் சர்க்கரையையும் பரிசோதித்துவிடுங்கள்.

அப்புறம், கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே அடங்காத பசி, வயதுக்கு மீறிய எடை, கூடவே உயரமும் என்று ஒரு பிள்ளை இருந்தால் திட்டாதீர்கள். கிளினிக்குக்கு அழைத்துப் போய், இந்த மூன்றையும் சேர்த்தே டாக்டரிடம் சொல்லுங்கள்.